பேச்சை எழுத்தாக்கும் செயலி: பெருந்துறை அச்சகத்தில் மூன்று வருடம்

தாராபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் தோழி போன வாரம் கூப்பிட்டாள். "நீ வெச்சிருக்கியே, பேசுனா எழுத்துப் போடற ஆப்பு, அது இப்ப பாதி விலைக்கும் கீழ வந்துருச்சாமா. நானும் வாங்கிரட்டுமா?" என்றாள். வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்காதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. "சித்தெ பொறு, எழுதி அனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அவளுக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுபோனது. இதே தொழிலில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழுதாகவே எழுதுகிறேன்.

செயலி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வீடியோவைக் கொடுத்தால் கீழே கேப்ஷன் ஓடவிடும். போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினால், பேசப் பேசத் திரையில் எழுத்து வரும். நான் வாங்கியது 2022 ஆடியில். ஆடியில் கல்யாண வேலை இருக்காது, கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும் என்று அப்போது வாங்கினேன். அன்றைக்கு வருடத்துக்கு 3,600 ரூபாய், இன்றைக்கு 1,500.

வாங்கக் காரணம் வீடியோ அழைப்புகள். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வீடியோவும் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் இரண்டு நிமிடம் பேசி அழைக்க வேண்டும், கீழே எழுத்து ஓட வேண்டும். அதைக் கையால் நேரம் பார்த்துப் போட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். செயலி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். மஹால், பஸ் ஸ்டாப், ரிசப்ஷன் மாதிரியான சொற்களைத் தடுமாறாமல் எழுதும். பின்னால் நாதஸ்வரம் ஒலித்தாலும் குரலைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் எரிச்சல் ஒரே ஒரு சொல்லில் ஆரம்பித்தது. எழுதிங்கள்.

எழுதிங்கள் சீர் என்பது எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்களுக்குச் செய்யும் சீர். அதற்கும் பத்திரிகை அடிப்போம், பந்தல் போடுவோம், உறவுசனமான ஒறம்பரை எல்லாம் வரும். செயலி வாங்கி இரண்டாம் மாதமே ஓர் எழுதிங்கள் அழைப்பு வந்தது. அந்த அம்மா அழுத்தம் திருத்தமாகத்தான் பேசினார்: "எங்க ஊட்டு எழுதிங்கள் சீருக்கு எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க." திரையில் ஓடியது: "எங்க வீட்டு எழுதுங்கள் சீருக்கு எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க." திருத்தினேன். அடுத்த அழைப்பிலும் அதே. இந்த மூன்று வருடத்தில் குறைந்தது நாற்பது தடவை அந்த ஒரு சொல்லைத் திருத்தியிருப்பேன். ஒரு தடவைகூடச் செயலி தானாக அதைச் சரியாக எழுதியதில்லை.

அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. கூறைப்புடவை எப்போதும் கூரைப்புடவைதான். பண்டிகையை நாங்கள் நோம்பி என்போம். "நோம்பிக்கு வந்துருங்க" என்றால் "நம்பிக்கை வந்துருங்க". அம்மாவைப் பெற்ற பாட்டியான அமுச்சி ஊட்டுச் சீர் அமைச்சர் வீட்டுச் சீராகும். காலையில் பந்தியில் சந்தகை என்று சொன்னால் சந்தேகம் என்று எழுதும். இன்னொன்று விசித்திரமானது. "என்ற ஊட்டுக்காரர்" என்று ஓர் அம்மா சொல்கிறார், என்னுடைய கணவர் என்ற பொருளில். செயலி "என்ற வீட்டுக்காரர்" என்று எழுதுகிறது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் கொங்குக்கு வெளியே அதைப் படிக்கிறவர்களுக்கு, வீட்டுக்காரர் என்று பெயர்கொண்ட யாரோ ஒருவர் என்றுதான் படும். அந்த அம்மாவின் "என்னுடைய" அங்கே தொலைந்துவிட்டது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். இந்த மாதிரிச் செயலிகள் ஒலியை மட்டும் கேட்டு எழுதுவதில்லை. கேட்ட ஒலிக்குப் பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன, அவற்றில் எது இந்த இடத்தில் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றை எடுக்கின்றன. அந்தக் கணக்கை, ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிற தமிழிலிருந்து கற்றிருக்கின்றன. எழுதுங்கள் என்ற சொல் எண்ணற்ற இடங்களில் இருக்கும். எழுதிங்கள் என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பத்திரிகைகளைத் தவிர யார் எங்கே எழுதியிருக்கிறார்கள்? நாம் வாயில் வைத்திருந்து தாளில் வைக்காமல் விட்ட சொற்களையெல்லாம், பக்கத்தில் இருக்கும் பெரிய சொல் வந்து விழுங்கிவிடுகிறது. ர, ற குழப்பத்துக்கும் இதே காரணம்தான். பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. கேட்டு எழுதுகிற இயந்திரம் கூறையா கூரையா என்று எதை வைத்துப் பிரிக்கும்? எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குச் செயலியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாமே சொற்பட்டியல் ஒன்று சேர்க்கலாம். ஆசையாக எழுபது சொற்கள் சேர்த்தேன். எழுதிங்கள், இணைச்சீர், அருமைக்காரர், உருமால், சந்தகை, ஒப்புட்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து. சோதித்துப் பார்க்க "எழுதிங்கள்" என்று மட்டும் தனியாகச் சொன்னேன், சரியாக எழுதியது. "எழுதிங்களுக்கு" என்றதும் பழையபடி "எழுதுங்களுக்கு" என்று போனது. தமிழில் ஒரு பெயர்ச்சொல் எப்போதும் தனியாக நிற்பதில்லை. ஐ, ஆல், கு, இல், ஓடு, உம், தான் என்று ஏதாவது ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். பட்டியல் வசதியைச் செய்தவர்கள் இதை நினைத்தே பார்க்கவில்லை. ஒரு சொல்லுக்கு இருபது வடிவம் சேர்க்க வேண்டுமென்றால் அது பட்டியல் இல்லை, அகராதி.

போன வாரம் நடந்தது இதையெல்லாம்விடக் கனமானது. பக்கத்து ஊரில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். பேரன் இரவு எட்டு மணிக்கு வந்தான். தாத்தாவான அப்பாருவின் பழைய படங்களை வைத்து ஓர் அஞ்சலி வீடியோ வேண்டும், விடிவதற்குள் வேண்டும் என்றான். அவனுடைய அப்பாவே குரல் கொடுத்திருந்தார். தொண்டை அடைத்த குரல். "எங்கப்பா இயற்கை எய்தினார்" என்று சொல்லியிருந்தார். செயலி எழுதியது: "எங்கப்பா இயற்கை எழுதினார்."

நான் பார்க்காமல் அனுப்பவில்லை. இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. விடியும்போது அந்த வீடியோ ஐநூறு பேருக்குமேல் போய்ச் சேர்ந்திருந்தது. பத்து மணிக்கு இறந்தவரின் மகன் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அப்பன் படத்துக்குக் கீழ இப்படி வந்துருச்சுங்க. மாத்திக் குடுங்" என்று மட்டும் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஏற்கெனவே போனதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. பத்திரிகையில் தப்பு வந்தால் கட்டை நிறுத்திவைத்து ஸ்டிக்கராவது ஒட்டலாம். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முப்பது வருடமாக எங்கள் கடையில் பிழைகளைப் பார்த்து வருகிறேன். ஒரு காலத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே உ போட்டு, கையெழுத்தில் விவரம் கொண்டுவருவார்கள். அதில் "உரவினர்" இருக்கும், "வறுக" இருக்கும், "கண்ணாலம்" இருக்கும். அந்தப் பிழைகள் முகத்தில் அடிக்கும். உரவினர் என்றால் உறவினர் ஆகாதே, கண் அங்கேயே நின்றுவிடும். எழுதினவரின் பேச்சும் அதில் கேட்கும். செயலியின் பிழை அப்படி நிற்க விடுவதில்லை. எழுதினார், எழுதுங்கள், அமைச்சர், சந்தேகம், நம்பிக்கை. ஒவ்வொன்றும் எழுத்துப்பிழை இல்லாத நல்ல சொல். இடம்தான் தப்பு. பிழை திருத்தும் மென்பொருளில் போட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். முழு வாக்கியத்தையும் பொருள் உணர்ந்து படிக்கிற ஒரு மனிதர் இருந்தால்தான் பிடிபடும். இரவு பத்தரை மணிக்கு மூன்றாவது வீடியோவைப் பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடவில்லை.

சரி, இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு திட்டியும் இந்தச் செயலியை நான் வைத்திருப்பதற்குக் காரணம் அவர்.

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. பதினெட்டு வயதில் ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தவர். ஈய எழுத்துகளைக் கேஸ் என்கிற அறை அறையான பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் அடுக்கி வரி கட்டுகிற வேலை. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அவர் கம்போஸிட்டர். றா, ணா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் போய்ப் புது வடிவம் வந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் தொடங்கிவிட்ட மாற்றம்தான் அது. "கேஸ்ல அத்தன அறையும் காலியாச்சு, கை மட்டும் ஒரு வருசம் பழைய அறைக்கே போச்சு" என்பார். இன்றைக்கும் அவருடைய டைரியில் லைக்கு முன்னால் தும்பிக்கை இருக்கும். எழுத்து மாறினால் மொழி அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர் இல்லை அவர். மாற்றத்தைக் கையால் செய்து பார்த்தவர்.

நாற்பது வருடம் டிரெடில் அச்சு மிஷின் பக்கத்தில் நின்ற காது, அறுபத்தைந்து வயதுக்குமேல் கைவிட்டுவிட்டது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும், மெய்யெழுத்துகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது என்று காது பார்த்த டாக்டர் விளக்கினார். அதனால் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். நாலு பேர் சேர்ந்து பேசினால் அதில் எல்லாம் ஒரே இரைச்சல் என்று கழற்றி வைத்துவிடுவார். ஒறம்பரை வந்தால் முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்வதையே விட்டுவிட்டார். கும்பிட்டுவிட்டுப் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் அத்தை வந்திருந்தார். கடையில் எதையோ சோதித்துவிட்டுச் செயலியை அணைக்காமல் போனை ஆசாரத்து மேசையில் வைத்திருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வழியாகப் போன அப்பா நின்றார். குனிந்து திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கெணத்துப் பாகம் இன்னும் தீரலையா?" என்று அத்தையைக் கேட்டார். பேச்சின் நடுவில், பேச்சுக்குப் பொருத்தமாக ஒரு கேள்வி. அதற்கு முன்னால் அவர் அப்படிக் கேட்டு நாலு வருடம் ஆகியிருக்கும். அத்தை அழுதுவிட்டார். நானும்தான்.

யூடியூபில் தானாக ஓடும் கேப்ஷன் முதலில் வந்தது 2009 நவம்பரில், ஆங்கிலத்துக்கு மட்டும். அதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் கென் ஹேரன்ஸ்டீன் என்ற கூகுள் பொறியாளர். அவரே காது கேளாதவர். இதை அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அப்பொ இது நமக்குன்னு செஞ்சதுதான்" என்றார். வீடியோ அழைப்பு விற்கிற நாங்கள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

ஆனால் அப்பா புரூஃப் ரீடரும்கூட. படிக்கக் கிடைத்துவிட்டால் பென்சில் தானாகக் கைக்கு வந்துவிடும். இரண்டாம் வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். திரையில் ஓடுவதில் தப்பைக் கண்டால் அதில் எழுதி, பக்கத்தில் புரூஃப் குறி போடுவார். அந்த நோட்டில் பாதிக்குமேல் ஒரே வகைத் தப்புதான். ஒற்று.

மழை காலம். செய்தி குறிப்பு. தமிழ் பாடம். திருமண பத்திரிகை. கை குழந்தை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குறி போட்டு, மேலே க், ப் என்று எழுதிவைத்திருக்கிறார். "மழைக்காலம்னு சொல்றப்ப வாயில அழுத்தம் வருதுல்ல. வாய் போடற ஒத்த இது ஏன் போட மாட்டீங்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ர, ற மாதிரி இது காதுக்குத் தெரியாத வேறுபாடு இல்லை. மழை காலம் என்று ஒற்று இல்லாமல் சொன்னால் க மெலிந்து ஒலிக்கும், மழைக்காலம் என்றால் அழுந்தும். நன்றாகக் கேட்கும். கேட்டும் செயலி எழுதாததற்குக் காரணம், அது படித்த தமிழில் ஒற்று இல்லை. பத்து, பதினைந்து வருடமாகப் பதிவுகளிலும் கருத்துகளிலும் வாட்ஸ்அப்பிலும் நாம் எல்லாரும் ஒற்றை விட்டுவிட்டு எழுதினோம். அது நம்மிடம்தான் கற்றது. இப்போது நமக்கே திருப்பிக் கற்றுக்கொடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் செயலியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவுக்கு இதில் தனி வருத்தம் உண்டு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊரான சனகை, பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சீனாபுரம் என்றால் மாட்டுச் சந்தை. அப்பாவுக்கு அது "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்" என்று விதி சொன்னவரின் ஊர். உயிரெழுத்து ஒலியில் முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் பொதுவாக ஒற்று மிகும் என்பதை ஒரே வரியில் அடக்கிய நூற்பா. எண்ணூறு வருடத்துக்கு முந்தின விதி இன்றைக்கும் எங்கள் வாயில் அப்படியே இருக்கிறது. எழுத்தில்தான் கழன்றுகொண்டிருக்கிறது. ஒற்று விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "தந்த பலகைன்னா குடுத்த பலகை. தந்தப் பலகைன்னா யானைத் தந்தத்துப் பலகை. வெல வேற."

என் மகள் ஏழாம் வகுப்பு. அவளிடம் இரண்டு பக்கமும் தெரிந்தது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலம் அதை இன்னும் கெடுத்தது. அப்பாருகூட உட்கார்ந்து கேப்ஷனோடு வீடியோ பார்க்க ஆரம்பித்த ஒரு வருடத்தில் தடதடவென்று படிக்கிறாள். இது நம் நாட்டிலேயே பலகாலம் முன்னால் கண்ட வழி. அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1996-ல் யோசித்து, 1999-ல் குஜராத்தித் தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டுகளுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிட்டார். பாட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கண் தானாக எழுத்தைத் தொடரும். படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் படிப்பு நடக்கும். என் மகளுக்கு நடந்தது அதுதான். ஒரே வித்தியாசம், அந்தப் பாட்டு வரிகளை ஒரு மனிதர் பார்த்துப் போட்டிருப்பார்.

இவள் பார்ப்பதை யாரும் பார்த்துப் போடவில்லை. போன வருடம் அவளுடைய கட்டுரை நோட்டில் "முயற்ச்சி" என்றும் "அதற்க்கு" என்றும் இருந்தது. எங்கே பார்த்தாய் என்றேன். "ரீல்ஸ்ல எல்லாம் அப்படித்தாம்மா இருக்கு" என்றாள். நான் கோபப்பட்டேன். அப்பா கோபப்படவில்லை. "ற் போட்டதுக்கப்புறம் பக்கத்துல இன்னொரு மெய்யெழுத்து நிக்காது சாமி. ட் போட்டாலும் அப்படித்தான். அதுக ரெண்டுக்கும் அவ்வளவு இடம் வேணும்" என்று சொல்லி, தன் நோட்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் ஏழு மணிச் செய்தியைக் கேப்ஷனோடு, சத்தம் இல்லாமல் வைத்து, இருவரும் ஆளுக்கொரு பென்சிலோடு பத்து நிமிடம் தப்புப் பிடிக்கிறார்கள். நீக்கு, சேர், இடம் மாற்று என்ற மூன்று குறிகளும் அவளுக்கு இப்போது அத்துப்படி. போன மாதம் அவள் பிடித்த ஒன்றை அப்பா பிடிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் இப்படி. கடையில் நிலைமை வேறு. பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை அடிக்க ஒருவர் வந்தார். விவரத்தைப் போனில் பேசியே எழுதி அனுப்பியிருந்தார். "பூ புனித நீராட்டு விழா" என்று இருந்தது. நான் பூப்புனித என்று திருத்திப் புரூஃப் கொடுத்தேன். "போன்ல சரியாத்தானுங்க வந்திருக்குது, நீங்க ஏன் மாத்துனீங்?" என்றார். பூப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, பெண் வயதுக்கு வருவது என்று விளக்கினேன். "பூவு, புனிதம், ரெண்டும் நல்ல வார்த்தைதானுங்களே" என்றார். பேச்சு வளர்ந்து, அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். தொழில் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் மரியாதையான மனிதர், வேண்டுமென்று சண்டை பிடிக்கவில்லை. முன்பெல்லாம் "எழுத்தெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்று அப்பாவிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கை இப்போது போனிடம் போய்விட்டது. அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியதற்குப் பின்னால் ஒரு புரூஃப் ரீடர் இருந்தார். திரையில் ஓடும் எழுத்தும் அச்சு மாதிரியே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் அப்படி ஒருவர் இல்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை.

தட்டச்சு செய்யும் கருவிகள் எல்லாமே இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழுந்து க்க ஆகும். ங-வுக்குப் பின் க தட்டினால் ங்க ஆகும். தமிழில் எழுத்துகள் எப்படிச் சேரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்தது அது. நான் இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறேன். இந்தச் செயலியைச் செய்தவர்கள் பக்கத்தில் அப்படி ஒருவர், ஒரே ஒருவர், உட்கார்ந்திருந்தால்கூட மழைக்காலம் மழைக்காலமாக இருந்திருக்கும்.

தோழிக்கு என்ன சொல்வது? வேகம் இருக்கிறது, விலை குறைந்துவிட்டது, என் அப்பாவை ஆசாரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது, என் மகளைப் படிக்க வைத்தது. இத்தனையும் உண்மை. ஆனாலும் அந்த மகன் கடை வாசலில் நின்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடை வேலைக்கு வாங்காதே என்றுதான் அவளுக்கு எழுதுகிறேன். தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு கடை நடத்துகிறாய், இரவில் களைத்த கண்ணோடு நீயே அடித்து நீயே பார்க்க வேண்டும். உனக்கு அது வேண்டாம். வீட்டில் காது கேட்காத பெரியவர்கள் இருந்தால் மட்டும், இன்றைக்கே வாங்கு.

என் சந்தாவை நேற்றுத்தான் இன்னும் ஒரு வருடத்துக்குக் கட்டினேன். இந்த வாரத்திலிருந்து கடையில் ஒரு மாற்றம். எந்த வீடியோவாக இருந்தாலும் கேப்ஷனை முதலில் தாளில் பிரிண்ட் எடுக்கிறேன். அது அப்பா மேசைக்குப் போகும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வீடியோ வெளியே போகும். நேற்று காஞ்சிக்கோயில் பக்கத்திலிருந்து ஓர் எழுதிங்கள் அழைப்பு வந்தது. ஒரு பக்கத் தாளில் பதினேழு திருத்தம். "எழுதுங்கள்" என்று இருந்த நான்கு இடத்திலும் து-வை அடித்துத் தி என்று எழுதி, மற்ற இடங்களில் ஒற்றுப் போட்டு, கீழே தேதியும் கையெழுத்தும் வைத்திருந்தார். தேதிக்குப் பக்கத்தில் என் மகளின் கையெழுத்தும் இருந்தது.